காணா ஒளியும் காவலூர் மலையும்

கத்திரி வெயிலைப் பற்றி நம் வேலூர்ப் பகுதி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பகலெல்லாம் வெந்து கிடந்த பாறைக் குன்றுகள், சூரியன் மறைந்து நெடுநேரம் சென்ற பின்னும் அனலை வீசிக்கொண்டிருப்பதையும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் உறங்க இயலாத குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடியை நாடுவதையும் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். அந்த இருளில் குன்றின் பக்கம் திரும்பி நின்று பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குன்று எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கன்னம் அறிந்துகொள்ளும். அங்கிருந்து நம்மை வந்தடையும் அந்த வெப்பம் ஒளியின் ஒரு வகையே ஆகும். விண்மீனின் வெளிச்சம் எவ்வாறு வெற்றிடத்தைக் கடந்து வருகிறதோ, அவ்வாறே இதுவும் வரும். அதே வேகத்தில் வரும். இதனைக் காணும் திறன் மட்டும் நம் கண்களுக்கு இல்லை. விஞ்ஞானிகள் இதற்கு இட்டிருக்கும் பெயர் அகச்சிவப்புக் கதிர்.

2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, ஆலய வாயில்களிலும் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளின் வாயில்களிலும் நம் நெற்றிக்கு நேராகக் கைத்துப்பாக்கி போன்றதொரு கருவியை நீட்டினார்கள் அன்றோ? அது நம்மைத் தொடாமலே காய்ச்சலை அளந்தது எவ்வாறு என்று அன்று எத்தனை பேர் வியந்தோம்! நம் உடல் இரவும் பகலும் அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த ஒளியைத்தான் அக்கருவி அளந்தது. அத்தகைய கருவியைப் பன்மடங்கு கூர்மையாக்கி வானத்தை நோக்கித் திருப்பியபோது தெரிய வந்தவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

இதனை எழுதத் தூண்டியவர் எம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். டேனரியில் சாயமிட்ட தோல்களின் ஷேடு பார்த்துப் பொருத்தும் வேலை அவருக்கு. பங்கு இளைஞர்களோடு ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான ஆய்வுக்கூடத்துக்குச் சென்று திரும்புகையில், வேனில் என் அருகே அமர்ந்திருந்த அவர் கேட்டார்: "சாமி, பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாய் இருக்கும் இரண்டு தோல்கள் டியூப் லைட்டின் கீழ் வேறு வேறாய்த் தெரிகின்றன. வெளிச்சம் மாறினாலே நிறம் மாறுகிறது. அப்படியிருக்க, கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்தில் படம் எடுத்து, அதற்குச் சிவப்பும் நீலமும் தீட்டி உலகத்துக்குக் காட்டுகிறார்களே, அந்தப் படம் பொய்தானே?"

நான் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. குருமடத்தில் பயின்ற தத்துவ நூல்களைக் காட்டிலும் அவருடைய தொழில் அவருக்கு நல்ல கேள்வியைக் கற்பித்திருந்தது.

விடை தேடினால் நாம் 1800ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் பிறப்பால் ஜெர்மானியர், தொழிலால் இசைவாணர், பாத் நகரிலுள்ள ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். இரவுகளில் தாமே தேய்த்து உருவாக்கிய ஆடிகளைக் கொண்டு வானத்தைத் துழாவிய அவர், 1781 மார்ச் 13ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தி, பிரிந்து விழுந்த வண்ணங்கள் ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவைவிடச் சிவப்பில் வெப்பம் மிகுந்திருந்தது. சிவப்பையும் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்தபோதோ, வெப்பமானி இன்னும் உயர்ந்தது! கண் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொன்ன இடத்தில் பாதரசம் 'இருக்கிறது' என்று சாட்சி கூறியது. யுரேனஸையும் அகச்சிவப்பையும் கண்டவர் ஒருவரே என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் காவலூர் இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் வந்து சேரும்.

அகச்சிவப்பில் வானத்தைப் பார்ப்பதனால் என்ன பயன்? முதலாவது, தாமே எரியாத குளிர்ந்த பொருள்கள் அதில் தெரியும். விண்மீன் கொழுந்துவிட்டு எரிகிறது. அது கண்ணுக்கே தெரியும். கோள்களும் வால்மீன்களும் தூசு மேகங்களும் தம் சிறு வெப்பத்தை அகச்சிவப்பிலேயே வெளியிடுகின்றன. அடுத்தது, தூசு. டேனரியின் பஃபிங் பிரிவில் நின்றவர்களுக்குத் தெரியும், தோல் தூசு எழும்பினால் எதிரே நிற்பவர் முகம் புலப்படாது என்று. விண்மீன்கள் பிறக்கும் இடங்களும் இத்தகைய தூசுத் திரைக்குள்தான் மறைந்துள்ளன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் சிதறிப் போகும். நீண்ட அலைகளாகிய அகச்சிவப்பு ஊடுருவி வரும். மூன்றாவது காரணம் மிகத் தொலைவிலுள்ளவற்றைப் பற்றியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஆனால் தரையிலிருந்து இதனைப் பார்ப்பது எளிதன்று. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும் பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவேதான் இந்திய விஞ்ஞானிகள் உயரத்தை நாடினர். டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பெரும் பலூனில் கட்டி ஐதராபாத்திலிருந்து வானுக்கு அனுப்பினர். அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. லடாக்கிலுள்ள ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது; அதனைப் பெங்களூரு அருகேயுள்ள ஓசகோட்டையில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள்.

மற்றோர் இடர் இன்னும் விந்தையானது. சூடாய் உள்ள எதுவும் அகச்சிவப்பில் ஒளிரும் என்றால், தொலைநோக்கியும் ஒளிரும் அன்றோ? ஒளிரும் கருவியைக் கொண்டு மங்கலான வானத்தைப் பார்ப்பது, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தோளில் சுமந்துகொண்டு மின்மினியைத் தேடுவதற்கு ஒப்பாகும். ஆகவே தொலைநோக்கியைக் காற்றுக்கு அப்பால் கொண்டு செல்ல வேண்டும். அதனைக் கடுங்குளிரிலும் வைக்க வேண்டும்.

1983 ஜனவரியில் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் கூடி அனுப்பிய ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் இதனை முதன்முதலாகச் சாதித்தது. அதன் ஆடி 57 சென்டிமீட்டரே. திரவ ஹீலியத்தில் அதனைக் குளிர வைத்தனர். பத்து மாதங்களில் ஹீலியம் தீர்ந்தது, பணியும் தீர்ந்தது. ஆனால் அதற்குள் வானத்தின் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கைத் துழாவி, இரண்டரை இலட்சம் அளவில் அகச்சிவப்புப் புள்ளிகளைக் கணக்கெடுத்திருந்தது. அபிஜித் என்று நம் முன்னோர் அழைத்த வேகா விண்மீனைக் கருவியைச் சரிபார்க்கும் அளவுகோலாகக் கொண்டார்கள். அந்த அளவுகோலே எதிர்பார்த்ததைவிட மிகையாக ஒளிர்ந்தது. ஆராய்ந்தபோது, அதனைச் சுற்றித் தூசு வட்டம் ஒன்று இருப்பது தெரிய வந்தது. கோள்கள் உருவாகும் பொருள் பிற விண்மீன்களைச் சுற்றியும் உண்டு என்பதற்கு அது பெரிய சான்று. தராசைச் சோதிக்கப் போய்ப் புதையல் கண்டது போல! அதே ஆண்டில் ஐராஸ் கண்ட ஃபீத்தன் என்னும் சிறுகோள்தான், டிசம்பர் 13, 14 ஆகிய நாட்களின் இரவுகளில் நாம் காணும் எரிமீன் மழைக்குத் தாய் என்று பின்னர் அறியப்பட்டது. அந்த மழையைக் காண எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பாயும் இருட்டும் போதும்.

இனிக் காவலூருக்கு வருவோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால், 725 மீட்டர் உயரத்தில் இவ்வாய்வுக்கூடம் உள்ளது. வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968இல், கொடைக்கானல் பணிமனையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. நாம் பாலாற்றங்கரையில் தோலை நனைத்தும் காய வைத்தும் கொண்டிருந்த காலத்தில், நம் தலைக்கு மேலுள்ள மலையில் சிலர் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். இந்த வட்டாரத்திலேயே பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு அது தெரியாமற் போனதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனுக்குக் குறுக்கே செல்லவிருந்தது. தெருவிளக்குக்கு முன்னே ஒருவர் நடந்தால் வெளிச்சம் மறைவது போல, அவ்விண்மீனின் ஒளி மறையும் நேரத்தை அளந்தால் கோளின் அளவையும் அதன் காற்று மண்டலத்தையும் அறியலாம் என்பது நோக்கம். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர். அதே வேளையில் இந்தியப் பெருங்கடலின் மேல், அகச்சிவப்பு ஆய்வுக்கென்றே தொலைநோக்கி பொருத்திய அமெரிக்க விமானம் ஒன்று, நீராவி மிகக் குறைந்த உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கைப்பர் வான்வழி ஆய்வுக்கூடம் என்பது அதன் பெயர். அதில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இருந்தனர்.

கோள் விண்மீனை நெருங்கும் முன்னரே, காவலூரில் விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. மேகமோ? கருவிக் கோளாறோ? இரண்டும் இல்லை. ஏதோ ஒன்று குறுக்கே வந்து போயிற்று. யுரேனஸுக்கு இதுவரை அறியப்படாத துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் கருதி, 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற ஆய்விதழில் அவ்வாறே எழுதினர். விமானத்தில் இருந்தவர்களோ, கோளுக்கு முன்னும் பின்னும் ஒத்த தொலைவுகளில் ஒளி பலமுறை மங்கியதைக் கண்டனர். துணைக்கோள் என்றால் இரு பக்கமும் ஒரே தொலைவில் எப்படி நிற்கும்? சுற்றிலும் வளையங்கள் இருந்தால்தான் அது இயலும். காவலூரார் தங்கள் பதிவுகளை மீண்டும் நுணுகி ஆராய்ந்தனர். அதே ஆண்டில், பட்டாச்சார்யாவும் பாப்புவும் சேர்ந்து, சனிக்கு இருப்பது போன்ற வளையத் தொகுதி யுரேனஸுக்கும் உண்டு என்று அதே இதழில் எழுதினர். அவர்கள் அளந்தது முதலிலிருந்தே சரி. அளந்ததற்குக் கூறிய பொருள்தான் தவறு. அதை அச்சில் கூறிய சில மாதங்களுக்குள் அச்சிலேயே திருத்தினார்கள். இந்தத் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பாப்பு 1982இல் தம் 55ஆம் வயதில் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்டது. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதனைத் தொடங்கி வைத்து, அதற்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். சரியாகப் பதினெட்டு நாட்கள் கழித்து வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்து சென்று அவ்வளையங்களை அருகிலிருந்து படம் பிடித்தது.

இதற்கிடையே விண்வெளித் தொலைநோக்கிகள் வளர்ந்தன. ஐரோப்பியரின் ஐசோ 1995இல் சென்றது. 2003இல் சென்ற ஸ்பிட்சர் 2020 ஜனவரி வரை உழைத்தது. சனியை விட்டு ஏறத்தாழ அறுபது இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தொடங்கும் மாபெரும் தூசு வளையத்தை 2009இல் அது காட்டியது. அதன் பொருள் அவ்வளவு அடர்த்தியற்றது. உள்ளே புகுந்து நின்றாலும் வளையத்துக்குள் இருக்கிறோம் என்று தெரியாது. நாற்பது ஒளியாண்டுத் தொலைவில் டிராப்பிஸ்ட் 1 என்னும் சிறு செவ்விண்மீனைச் சுற்றி, ஏறத்தாழ நம் பூமியின் அளவில் ஏழு கோள்கள் உண்டு என்பதும் 2017இல் ஸ்பிட்சரின் துணையோடு உறுதியாயிற்று.

பின்னர் ஜேம்ஸ் வெப். 2021 டிசம்பர் 25ஆம் நாள் மாலை, கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துக் கூற வந்தோர் கூட்டம் ஓய்ந்த வேளையில், தென் அமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து அது எழும்புவதைக் கைப்பேசியில் கண்டேன். பொன் பூசிய பதினெட்டு அறுகோண ஆடிகள் சேர்ந்து ஆறரை மீட்டர் அகலம். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்து அடுக்குக் குடை ஒன்று சூரிய வெப்பத்தைத் தடுக்க, அந்த நிழலில் அது பணியாற்றுகிறது. தோல் தொழிலில் இருப்போர் தடிப்பைக் கணக்கிட அறிந்தவர்கள். காலணியின் மேற்பாகத்துக்கான தோல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்றால், அக்குடையின் நான்கு அடுக்குகள் ஒவ்வொன்றும் அதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. டென்னிஸ் மைதானம் அளவு விரிந்த அந்த மெல்லிய திரைகளின் மறுபுறம், ஆடிகள் பூச்சியத்துக்குக் கீழே 220 பாகை செல்சியசையும் தாண்டிய குளிரில் இருக்கின்றன.

முன்னர் கூறாமல் விட்ட மூன்றாவது காரணம் இங்கே வருகிறது. பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இலேயே எழுதியவர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமேத்ர். அவ்வாறு விரியும்போது, நெடுந்தூரம் பயணம் செய்யும் ஒளியின் அலைகளும் இழுபட்டு நீள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியாகப் புறப்பட்டது நம்மிடம் அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. ஆகவே மிகப் பழைய விண்மீன் திரள்களைக் காண வெப் போன்ற கண்ணே வேண்டும். பேரண்டம் தோன்றி முப்பது கோடி ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே ஒளிர்ந்த திரள்களை அது காட்டியிருக்கிறது. அத்துணை முந்திய காலத்தில் இத்துணை ஒளிமிக்க திரள்கள் எவ்வாறு உருவாயின என்று அறிஞர்கள் இன்று தம் கணக்குகளை மீண்டும் போட்டுப் பார்க்கிறார்கள்.

எனக்கோ, அந்தத் தொலைதூரக் காட்சிகளைவிட, 2023 ஏப்ரலில் வெளியான ஒரு படமே நெஞ்சில் நின்றது. அது யுரேனஸின் படம். அவ்வளையங்கள் கரியைப் போல் கறுத்தவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கோளின் பிரகாசத்துக்கு அருகே அவை புலப்படா. அகச்சிவப்பில், கோளின் மீத்தேன் வாயு ஒளியை விழுங்கிக் கோளை மங்கச் செய்வதால், வளையங்கள் எழுந்து தெரிகின்றன. அறியப்பட்ட பதின்மூன்றில் பதினொன்று அப்படத்தில் உண்டு. விண்மீன் ஒன்று சில நொடிகள் மங்கியதைக் கொண்டு நம் மலையில் ஊகித்தது, நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒளிவட்டமாக எல்லார் கைப்பேசியிலும் வந்தது. அத்துடன் நின்றதா? 2025 பிப்ரவரியில் வெப் எடுத்த படங்களில், வளையங்களுக்கு அண்மையில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள சிறு துணைக்கோள் ஒன்று தென்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தார்கள். வாயேஜர் கண்ணுக்கும் தப்பிய அதுவே யுரேனஸின் இருபத்தொன்பதாவது துணைக்கோள். 'புதிய துணைக்கோள்' என்று காவலூரில் எழுதியது வேறு ஒன்றைப் பற்றி. ஆயினும் அச்செய்தியை வாசித்தபோது எனக்குப் புன்னகை வந்தது.

இளைஞருக்கு நான் பின்னர்க் கூறிய விடை இதுதான். எக்ஸ்ரேயும் கண்ணுக்குத் தெரியாத ஒளியே. வேலூர் மருத்துவமனையில் அந்தப் படத்தைப் பார்த்து எலும்பு முறிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், பொய்ப்படம் என்று நாம் எழுந்து வருவதில்லை. வெப்பின் படங்களில் நீண்ட அலைக்குச் சிவப்பும் குறுகிய அலைக்கு நீலமும் கொடுக்கிறார்கள். காதுக்கு எட்டாத கீழ்ச் சுருதியில் உள்ள பாட்டை நமக்கு எட்டும் சுருதிக்கு உயர்த்திப் பாடுவது போன்றது அது. சுருதி மாறும், மெட்டு மாறாது. இசைவாணராகிய ஹெர்ஷலுக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கும். ஆனால் அங்கே நேரில் சென்று பார்த்தால் இப்படித்தான் தெரியும் என்று எவரேனும் சொன்னால், அது பொய். இளைஞர் சற்றே யோசித்து, "அப்படியென்றால் எந்த விளக்கின் கீழ் பார்த்த ஷேடு என்று சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் போதும், சாமி" என்றார். விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு படத்தோடும் எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்ற குறிப்பு உண்டு.

காவலூரில் அன்று இருட்டிய பின் எங்களுக்குச் சிறு தொலைநோக்கி ஒன்றில் நிலவைக் காட்டினார்கள். நான் வெளியே வந்து வடமேற்கே பார்த்தேன். நம் ஊர்களின் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பாப்பு மலையைத் தேர்ந்தபோது அவ்வளவு வெளிச்சம் அங்கே இருந்திராது. வெப்புக்கு இதனால் தீங்கில்லை. அது 15 இலட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காவலூரின் ஆடி எங்கே செல்லும்? அதற்கு நம் இருட்டுதான் வேண்டும். தொழிற்சாலைக் காவலுக்கும் பெண்கள் இரவில் வீடு திரும்பவும் விளக்குகள் தேவை. அவற்றைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வானத்தை நோக்கி எரியும் விளக்கு எவருக்கு வழி காட்டுகிறது?

இவ்வாறு எண்ணிக்கொண்டே பங்குக்குத் திரும்பினேன். ஆலயக் கோபுரத்தின் அடியில், மேல் நோக்கி இரண்டு ஃபோக்கஸ் விளக்குகள் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தன. திருவிழாவுக்கென்று பொருத்தியவர்கள் பிறகு கழற்றவில்லை. பொருத்தச் சொன்னவன் நான்தான். பங்குப்பேரவையில் பேச்செடுத்தபோது, "கோபுரம் இருட்டில் கிடப்பதா?" என்று முதியவர் ஒருவர் வருந்தினார். அவர் வருத்தத்திலும் நியாயம் உண்டு. நவநாள்களில் எரியட்டும், மற்ற நாட்களில் இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

அணைத்த முதல் இரவில் நானும் அந்த இளைஞரும் பங்கு இல்லத்தின் மாடியில் நின்று கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எண்ணினோம். எனக்கு ஐந்து தெரிந்தன. அவர் ஏழு என்கிறார்.